தமிழ்க் கிறித்தவச் சமூகத்தில் ஆன்மிகத் தலைவர்களைச் சிறப்பிக்கும் மரபு: மரியாதைச் சொற்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் கிறித்தவர்கள் தம் ஆன்மிகத் தலைவர்களைக் குறிப்பதற்கும் விளிப்பதற்கும் பதினாறாம் நூற்றாண்டு முதல் பல சொற்களைக் கையாண்டு வந்துள்ளனர். கணக்கப்பிள்ளை, ஐயர், சுவாமி, அடிகள், உபதேசியார், ஆயர், அருட்தந்தை ஆகியவை அவற்றுள் சில. இச்சொற்கள் தாம் பிறந்த சமூகத்தின் உயர்வு தாழ்வுகளையும் தம்முடன் கொண்டுவந்தன. அவற்றுள் எவை கைவிடப்பட்டன, எவை பொருள் மாறின, எவை இன்றும் அப்படியே நிற்கின்றன என்பதைச் சொல்வழக்கு, நினைவுச் சின்னம், ஊதியம் ஆகிய மூன்றின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. உயர்பதவியினருக்குரிய சொற்கள் தொடர்ந்து திருத்தப்பட்டு வந்தபோதும், சிற்றூர்ச் சபைகளைத் தாங்கிய உபதேசியார்க்குரிய மதிப்பு அதே அளவில் உயரவில்லை என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தமிழ்க் கிறித்தவம், மரியாதைச் சொற்கள், ஐயர், ஆயர், உபதேசியார், வேதியர், தேவசகாயம்.

முன்னுரை

தமிழில் ஒருவரைச் சிறப்பித்தல் என்பது பெரும்பாலும் அவரை எச்சொல்லால் அழைக்கிறோம் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. 'ஆர்' ஈறும், 'அவர்கள்' என்னும் ஒட்டும், நீ, நீர், நீங்கள் என்னும் முன்னிலை வேறுபாடும் பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து காட்டுகின்றன. போர்த்துகீசியர்வழி வந்த 'பாத்ரி' என்னும் சொல் தமிழில் பாதிரி ஆனது; அதனோடும் நிற்காமல் 'பாதிரியார்' என மரியாதை ஈறும் பெற்றது. அயற்சொல்லைக்கூட வெறுமனே விட மனமில்லாத வழக்கு இது.

தமிழ்க் கிறித்தவச் சமூகத்தின் மரியாதை வழக்குகளில் தனியே நோக்கத்தக்க ஒன்றுண்டு. வழிபாட்டிலும் மன்றாட்டிலும் இறைவனை 'நீர்' என்றும் 'உம்' என்றும் விளிப்பர். 'தேவரீர்' என்பதும் உண்டு. குருவிடமோ 'நீங்கள்' என்றே பேசுவர். குருவை 'நீர்' என்றால் அது மரியாதைக் குறைவாகிவிடும். இறைவனுக்கு நெருக்கம் கலந்த உயர்வும், அவருடைய பணியாளருக்குத் தொலைவு கலந்த உயர்வும் வாய்த்திருக்கின்றன. இத்தொலைவு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாக அமைந்த வினா.

மறைநூலின் இருமுகம்

தலைவர்களைச் சிறப்பித்தல் பற்றிப் புதிய ஏற்பாடு ஒரே குரலில் பேசவில்லை. எபிரேயர் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் இறைவார்த்தையை எடுத்துரைத்த தலைவர்களை நினைவில் கொள்ளுமாறு பணிக்கிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 5ஆம் அதிகாரம் உழைப்பவர்களை அவர்தம் பணியின் பொருட்டு அன்புடன் மதிக்கச் சொல்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 5ஆம் அதிகாரமோ சபையை நன்கு நடத்தும் மூப்பர்களுக்கு இருமடங்கு மதிப்பு உரியது என்கிறது. இங்கே ஆளப்பட்டுள்ள 'திமே' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மரியாதை, விலை ஆகிய இரு பொருளும் உண்டு. அடுத்த வசனமே போரடிக்கும் மாட்டையும் கூலிக்குரிய வேலையாளையும் பேசுவதால் அங்கு ஊதியமும் கருதப்பட்டதெனக் கொள்ளலாம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'கனம்' என்ற சொல்லைத் தேர்ந்தது. அதில் மரியாதை நிற்கிறது, ஊதியம் மறைந்துபோகிறது. 'மதி' என்னும் அடியிற் பிறந்து விலைமதிப்பையும் மரியாதையையும் ஒருங்கே குறிக்கும் 'மதிப்பு' என்னும் சொல் கிரேக்கத்துக்கு இன்னும் நெருக்கமானது.

இதற்கு எதிர்முகமாக நிற்பது மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரம். மறைநூல் அறிஞர்கள் சந்தை வெளிகளில் வணக்கத்தையும் பட்டப்பெயர்களையும் விரும்புவதை இயேசு அங்குக் கடிகிறார். தம்மைப் பின்பற்றுவோர் அத்தகைய பெயர்களை ஏற்கலாகாது என்கிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் விலக்கப்படும் சொற்களுள் 'பிதா', 'குரு' ஆகிய இரண்டும் அடங்கும். தமிழ்க் கிறித்தவம் தன் தலைவர்களுக்கு மிகுதியாக வழங்கிய சொற்களும் இவ்விரண்டே. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் 'வண. பிதா' என எழுதினர். தென்தமிழகத்துச் சீர்திருத்தச் சபையார் 'குருவானவர்' என்றனர். இம்முரணை உணராமல் செய்தனர் என்று கூறுவதற்கில்லை. குருவைக் கண்டதும் 'தோத்திரம்' என்று கூறும் வழக்கத்தை நோக்குக. தோத்திரம் இறைவனுக்குரியது; அது குருவின் முன் நின்று சொல்லப்படுகிறது. வணக்கத்தைச் செலுத்தியதாகவும் ஆயிற்று, மனிதருக்குச் செலுத்தவில்லை என்பதாகவும் ஆயிற்று.

ஐயர், சுவாமி, அடிகள்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலாகச் சீர்திருத்தச் சபையின் குருமார் 'ஐயர்' எனப்பட்டனர். சீகன்பால்கு ஐயர், போப்பையர், கால்டுவெல் ஐயர் என்னும் வழக்குகள் தமிழ் ஆய்வாளர்க்குப் பழகியவை. இச்சொல் பிராமணரைக் குறிக்கும் பட்டத்திலிருந்து கடன் பெறப்பட்டது என்பர் சிலர். அது முழு உண்மையாகாது. தொல்காப்பியக் கற்பியலில் ஐயர் என்பார் கரணம் வகுத்த சான்றோர். சாதிப்பட்டமாக அது குறுகியது பிற்கால நிகழ்வு. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டுச் சிற்றூர்வாசியின் காதில் 'ஐயர்' என்ற சொல் எவ்வாறு ஒலித்திருக்கும் என்று எண்ணிப்பார்த்தால், பழம்பொருள் ஒன்றே அவர் மனத்தில் எழுந்திருக்கும் எனக் கொள்ளல் அரிது. வெள்ளையரான குருவுக்கு ஏற்கெனவே ஆட்சியின் நிழல் உண்டு. 'ஐயர்' என்னும் சொல் அதன்மேல் இன்னொரு மேன்மையை ஏற்றியது. 1733 திசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், சீர்திருத்தச் சபையின் முதல் தமிழ்க் குரு. அவர் வழிவந்த தமிழ்க் குருமாரையும் காலப்போக்கில் மக்கள் ஐயர் என அழைத்தபோது, பிறப்பால் அப்பெயருக்கு உரிமையற்றவராகக் கருதப்பட்டோரும் அதற்கு உரியராயினர். சொல்லின் சாதிப்பிடி தளர்ந்த இடமாக இதனைக் கருதலாம்.

கத்தோலிக்கரிடையே நிலைமை இதனினும் சிக்கலானது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி துறவுக்கோலம் பூண்டு 'தத்துவ போதகர்' எனப் பெயர் பெற்றார். உயர்சாதியினரிடையே பணியாற்றிய அத்தகைய துறவியர் ஏனையோருடன் வெளிப்படையாகப் பழக இயலாதிருந்தமையால், 1640ஆம் ஆண்டளவில் 'பண்டாரசுவாமிகள்' என்னும் இரண்டாம் வகையினர் ஏற்படுத்தப்பட்டனர். ஒரே சபையைச் சார்ந்த குருமார், ஒரே நம்பிக்கையைப் போதித்தவர்கள், மக்களின் சாதிப் படிநிலைக்கேற்ப இருவகை மரியாதைக்குள் பிரிந்து நின்றனர். 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்த யோவான் தெ பிரிட்டோ என்னும் அருளானந்தர் இந்தப் பண்டாரசுவாமிகள் மரபினர். 1947இல் புனிதராக உயர்த்தப்பட்டவர் அவர். ஓரியூரின் செம்மண்ணை மக்கள் இன்றும் அவர் குருதியின் நினைவாக எடுத்துச் செல்கின்றனர். சாதியால் வகுக்கப்பட்ட பணிமுறையில் கீழ்நிலையாக எண்ணப்பட்ட பிரிவிலிருந்தே மக்களின் பெருமதிப்புக்குரிய புனிதர் வந்தார் என்பதை அம்முறையின் வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு பேசுவதில்லை.

'அடிகள்' என்பது தனித்தமிழ் உணர்வோடு வேரூன்றியது. இளங்கோவடிகள், கவுந்தியடிகள் என்னும் சமணச் சார்புடைய பெயர்களில் நாம் அறிந்த இச்சொல் தனிநாயகம் அடிகளுக்குப் பொருந்தி நின்றது. பெஸ்கியின் 'தைரியநாதர்' என்னும் பெயர் 'வீரமாமுனிவர்' ஆனதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். 'அடிகள்' பிறப்பைச் சுட்டாத, துறவை மட்டும் சுட்டும் சொல். அதனாலேயே அது சபைக்கு வெளியிலும் எளிதில் ஏற்கப்பட்டது.

தந்தையும் ஆயரும்

கத்தோலிக்க மேல்நிலைத் தலைவர் முன்பு 'மேற்றிராணியார்' எனப்பட்டார். இலங்கையில் அவ்வழக்கு நெடிது நிலைத்தது. இன்று 'ஆயர்' என்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–1965) பின் வழிபாடு தாய்மொழிக்கு வந்ததை ஒட்டிச் சொல்லாட்சியும் பெரிதும் தமிழ்மயமானது. பாப்பரசர் 'திருத்தந்தை' ஆனார். சுவாமியார் 'அருட்தந்தை' ஆனார். (நன்னூலார் வழியே புணர்த்தால் 'அருட்டந்தை' என்றாக வேண்டும். வழக்கு இலக்கணத்துக்கு இணங்கவில்லை; எழுதுவோரும் திருத்தவில்லை.) அரசர், சுவாமி என்னும் ஆட்சிச் சொற்கள் நீங்கி உறவுச் சொல் அங்கே அமர்ந்தது சிறிய மாற்றமன்று.

'ஆயர்' என்பது சங்க இலக்கியத்தில் முல்லை நிலத்து மாந்தரைக் குறிக்கும். ஆனிரை மேய்க்கும் எளிய குடியினரின் பெயர் மறைமாவட்டத் தலைவரின் பட்டமாயிற்று. நல்ல மேய்ப்பர் என்னும் நற்செய்திப் படிமத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. ஆனால் பட்டமானபின் சொல்லின் எளிமை மறந்துபோகிறது. 'மேதகு ஆயர்' என்று முன்னொட்டுச் சேர்க்கும்போது எவரும் கால்நடைகளை நினைப்பதில்லை. அன்றியும் சபைக்குச் சபை இதன் பொருள் வேறுபடும். சென்னைப் பகுதிச் சீர்திருத்தச் சபைகளில் ஒரு சபையின் குருவும் ஆயரே. 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையில் திருமண்டலத் தலைவர் 'பேராயர்' எனப்படுகிறார். முந்தைய 'அத்தியட்சர்' இப்போது அரிதாகிவிட்டது. கத்தோலிக்கரிடம் பேராயர் என்பது உயர்மறைமாவட்டத் தலைவரை மட்டும் குறிக்கும். இவ்வேறுபாட்டை அறியாது எழுதப்படும் பதிப்புகளிலும் ஆய்வேடுகளிலும் பதவிகள் குழம்பிக் கிடப்பதைக் காணலாம்.

பெந்தெகொஸ்தே சபைகளில் ஆங்கிலப் 'பாஸ்டர்' அப்படியே வழங்குகிறது; அவர் துணைவியார் 'பாஸ்டரம்மா'. பிரதரன் சபையார் பட்டங்களை மறுத்து அனைவரையும் 'சகோதரர்' என்றனர். பின்னர்ப் பெருங்கூட்டங்களில் பேசும் புகழ்பெற்ற நற்செய்தியாளர்களின் பெயர்முன் அதே 'சகோதரர்' பெரிய எழுத்தில் அச்சாகத் தொடங்கியபோது, சமன்மையைக் குறித்த சொல்லே தனிச்சிறப்புப் பட்டமாகிவிட்டது.

மரியாதை மிகுவதால் உறவு குறையக்கூடும் என்பதை உலக அரங்கில் எடுத்துரைத்தவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945). 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், அயல்நாட்டுப் பணியாளரின் ஈகத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்டே, இந்தியச் சபை அவர்களிடம் எதிர்பார்ப்பது நட்பு என்று அவர் பேசினார். இருதரப்பும் ஒன்றாக அமர்ந்து உண்ணாத காலத்தில் பேசப்பட்டது அது. 1912 திசம்பர் 29 அன்று அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்குச் சென்றார்.

கல்லில் நின்றோரும் கல் வேண்டாதோரும்

தஞ்சையில் 1798 பிப்ரவரி 13 அன்று மறைந்த சுவார்ட்ஸ் ஐயருக்கு இரண்டாம் சரபோசி மன்னர் எடுப்பித்த சலவைக்கல் நினைவுச் சின்னம் இவ்வகையில் தனித்தது. ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் வடித்த அச்சிற்பத்தில் மரணப்படுக்கையிலிருக்கும் குருவை மன்னர் காண வருகிறார். சிறுவயதில் தம்மைக் காத்து வளர்த்தவரைத் தந்தையாகக் கருதிய இந்து அரசர் ஒருவர், சமயம் மாறாமலேயே ஒரு கிறித்தவக் குருவுக்குச் செய்த சிறப்பு இது. கிழக்கிந்தியக் கம்பெனியும் புனித ஜார்ஜ் கோட்டைப் புனித மரியாள் ஆலயத்தில் அவருக்கு வேறொரு சின்னம் எழுப்பியது. ஐதர் அலியிடம் தூது சென்ற பயனுக்கான கம்பெனியின் நன்றி அதிலுண்டு. ஒரே மனிதருக்கு இரண்டு சலவைக்கற்கள். நன்றியின் காரணங்கள் ஒன்றல்ல.

1968இல் இரண்டாம் உலகத்தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் வீரமாமுனிவர், போப், கால்டுவெல் ஆகியோர்க்குச் சிலைகள் எழுந்தன. பொதுவெளியின் மரியாதை அவர்களைத் தமிழறிஞர்களாகவே கண்டது. இடையன்குடியில் அவர் எழுப்பிய ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் கால்டுவெல் அவ்வூர் மக்களுக்கு மேய்ப்பர்; கடற்கரையில் நிற்பவர் திராவிட மொழிநூலார். இவ்விரண்டில் எதுவும் பொய்யன்று. ஆயினும் 1849இல் திருநெல்வேலிச் சாணார் பற்றி அவர் எழுதிய நூல் அச்சமூகத்தாரின் கடும் எதிர்ப்பைப் பெற்றதை இரு மரியாதைகளும் ஓரமாக ஒதுக்குகின்றன. அச்சமூகத்தைச் சார்ந்த சபையாரே தம் பிள்ளைகளுக்குக் கால்டுவெல் என்று பெயரிட்டும் வந்துள்ளனர்.

தோனாவூரில் 1951 சனவரி 18 அன்று காலமான ஏமி கார்மைக்கேல் தம் கல்லறைமேல் கல் எதுவும் வைக்கலாகாது என்று கேட்டுக்கொண்டார். அவர் வளர்த்த பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீரருந்தும் தொட்டி ஒன்றை அமைத்து, அன்னை எனப் பொருள்படும் ஒற்றைத் தமிழ்ச்சொல்லை மட்டும் பொறித்தனர்.

கனமும் கூலியும்

இதுகாறும் கூறியோர் பெயர் பெற்றவர்கள். தமிழகத்துச் சிற்றூர்களில் சபை நிலைபெற்றதற்கு இன்னொரு வகைத் தலைவர்களே நேரடிக் காரணம். 1542 முதல் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், தாம் ஊர் ஊராகச் செல்லும்போது பின்னே மக்களுக்கு மன்றாட்டுகளைக் கற்பிக்க உள்ளூர் ஆட்களை அமர்த்தினார். அவர் மடல்களில் இவர்கள் 'கணக்கப்பிள்ளை' என்னும் தமிழ்ப்பெயராலேயே சுட்டப்படுகின்றனர். கடற்கரை ஊர்களில் எழுதப் படிக்க அறிந்தவர் கணக்கர். ஆகவே அவரே மறையாசிரியரும் ஆனார். இவர்களுக்கு ஊதியம் வேண்டுமே என்று கவலைப்பட்ட சவேரியார், போர்த்துகீசிய அரசியின் காலணிச் செலவுக்கென இக்கடற்கரையிலிருந்து சென்ற வரிப்பணத்தை அவர்களுக்கு ஒதுக்குமாறு வேண்டிப் பெற்றார். தீமோத்தேயு திருமுகம் கூறும் மதிப்பின் இரு பொருளையும் ஒருங்கே கண்ட செயலாக இதனைக் கருதலாம்.

கத்தோலிக்கரிடம் 'வேதியர்' என்றும், சீர்திருத்தச் சபையாரிடம் 'உபதேசியார்' என்றும் இவர்கள் தொடர்ந்தனர். குரு எப்போதோ ஒருமுறை திருவிருந்து வழங்க வருவார். மற்ற நாள்களில் மணியடிப்பது, மன்றாட்டு நடத்துவது, பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது, நோயுற்றோரைக் காண்பது, இறந்தோரை அடக்கம் செய்வது யாவும் உபதேசியார் பொறுப்பு. பிராமணரைக் குறிக்கும் 'வேதியர்' என்னும் சொல் ஆலயப் படிநிலையின் அடித்தளத்தில் நிற்பவருக்கு வழங்குவது சொல்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று; சொல் உயர்ந்தது, சம்பளம் உயரவில்லை. 1799இல் முதலூர் என்னும் கிறித்தவக் குடியிருப்பு உருவாக உழைத்தவர் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம். ஊரின் பெயர் அதன் முதன்மையைச் சொல்கிறது, அவரைச் சொல்லவில்லை.

இவர்களை மக்கள் போற்றவில்லை என்று கூறுவது தவறாகும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளில் பெண்கள் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்து ஆலயத்துக்கு அளிக்கும் 'கைப்பிடி அரிசி' வழக்கம் பணியாளரைத் தாங்கியது. ஆலயப் பணிவிடை செய்தவரைக் குறித்த 'கோயில்பிள்ளை' தென்மாவட்டங்களில் ஆண்மக்களின் இயற்பெயராகவே நிலைத்துவிட்டது. எனினும் திருச்சபை வரலாறுகளில் குருமார்க்குத் தனி இயல்களும், உபதேசியார்க்குப் பெரும்பாலும் பின்னிணைப்புப் பட்டியலும் கிடைக்கின்றன. ஓய்வுபெறும் குருவுக்குப் பொன்னாடையும் வாழ்த்துமடலும் உண்டு. உபதேசியார் பெற்ற சம்பளத்தைச் சபைக் கணக்கேடுகளிலிருந்து தொகுத்து ஆராய்ந்தால் 'கனம்' என்ற சொல்லுக்கு நாம் தந்த விலை தெரியவரும். அவ்வேடுகள் பல ஆலயங்களில் இரும்புப் பெட்டிகளில் சிதைந்துகொண்டிருக்கின்றன.

பெயரிலிருந்து நீங்கிய சொல்

கணக்கப்பிள்ளை, கோயில்பிள்ளை என்னும் பெயர்களில் 'பிள்ளை' பணியைக் குறித்தது. வேறிடத்தில் அதே சொல் சாதியைக் குறித்தது. நட்டாலத்தில் 1712இல் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டர், லாசர் என்னும் பெயரின் தமிழாக்கமான 'தேவசகாயம்' என்ற பெயரை ஏற்றார். சாதி வேறுபாடின்றி அனைவருடனும் பழகிய அவர், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்; உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. குருவோ துறவியோ அல்லாத அவரை மக்கள் நூற்றாண்டுகளாகத் தம் ஆன்மிக முன்னோடியாகப் போற்றினர். நூல்களும் நாடகங்களும் அவரைத் 'தேவசகாயம் பிள்ளை' என்றே குறித்தன. 2012 திசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டபோதும் அப்பெயரே வழங்கியது. சாதியைக் கடந்தமைக்காகப் போற்றப்படுபவரின் பெயரில் சாதிப்பட்டம் நிற்றல் தகாது என்ற முறையீடு பின்னர் எழுந்தது. வத்திக்கான் அதனை ஏற்றுத் தன் ஆவணங்களிலிருந்து 'பிள்ளை' என்பதை நீக்கியது. 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது தேவசகாயம் என்ற பெயரே ஒலித்தது. இம்மாற்றம் வரலாற்றைத் திரிப்பது என்று வாதிட்டோரும் உண்டு. வரலாற்று ஆவணங்களில் பழம்பெயர் இருக்கவே செய்கிறது. போற்றுதற்குரிய பெயர் எது என்பது வேறு வினா.

அதே திருத்தம் எட்டாத இடமொன்று பாளையங்கோட்டையில் உள்ளது. 1778இல் சுவார்ட்ஸிடம் திருமுழுக்குப் பெற்ற பிராமணக் கைம்பெண் குளோரிந்தா அங்கு ஒரு சபையைத் திரட்டினார். 1780இல் எழுதப்பட்ட அச்சபையின் பதிவேடு நாற்பது பேரைக் கொண்டது. 1785இல் அவர் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. திருநெல்வேலிச் சீர்திருத்தச் சபையின் தொடக்கம் அவரே என்பதில் வரலாற்றாசிரியர்க்கு ஐயமில்லை. ஆண் தலைவர்க்கெல்லாம் ஐயர், குரு, உபதேசியார் என ஏதேனும் ஒரு பணிப்பெயர் வாய்த்திருக்க, இவருக்குத் தமிழில் எப்பணிப்பெயரும் அமையவில்லை. மக்கள் நாவில் அவ்வாலயம் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே வழங்கிவருகிறது.